கம்பம் – குமுளி – கோட்டயம் வழி: 8 மாதக் குழந்தைக்கும் 5 வயதுப் பையனுக்கும் கார் சீட் கேள்வி

தேக்கடிரோடு கேட்டது:
வணக்கம். கம்பத்திலிருந்து குமுளி, வண்டிப்பெரியார், முண்டக்கயம் வழியாகக் கோட்டயத்துக்கு மாதாமாதம் போய்வர வேண்டியிருக்கிறது. சின்னவளுக்கு 8 மாதம், எடை 9.2 கிலோ. பெரியவனுக்கு 5 வயது, 108 செ.மீ. உயரம், 17 கிலோ. 2014 மாடல் ஹேட்ச்பேக். பின்சீட்டில் இரண்டு ஓரத்திலும் தோள்வழி வரும் பெல்ட் இருக்கிறது, நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும். ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை நேராக மாட்ட காரிலேயே வரும் கொக்கி) கிடையாது. வீட்டம்மாவும் என் அம்மாவும் கூட வருவார்கள்.

கேள்விகள்:
குமுளி தாண்டினால் கேரளாவில் தனிச் சட்டமா? 9 கிலோ ஆகிவிட்டதால் சின்னவளை முன்பக்கம் பார்த்து உட்கார வைக்கலாம் என்கிறார் கடைக்காரர், சரியா? பையனுக்குப் பெல்ட் மட்டும் போதுமா? ஐசோஃபிக்ஸ் இல்லாத வண்டியில் சீட் நிற்குமா?

ஏலமலை:
சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். இரு மாநிலத்துக்கும் ஒரே சட்டம்தான்: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 194பி பிரிவு. 14 வயது நிரம்பாத பிள்ளை சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான காப்பு இருக்கையாலோ கட்டப்படாமல் வந்தால், ஓட்டுகிறவருக்கு, அல்லது ஓட்ட விட்டவருக்கு, 1000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டு லோயர் கேம்ப்பிலும் இதுதான், கேரளத்துப் பீர்மேட்டிலும் இதுதான்.

கேரளாவில் தனிச் சட்டம் என்ற பேச்சு 2024 அக்டோபரில் கிளம்பியது. 1 முதல் 4 வயது வரை பின்சீட்டில் குழந்தை இருக்கை, 4 முதல் 14 வயதில் 135 செ.மீ.க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பூஸ்டர் (பெல்ட் சரியான இடத்தில் படும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) என்று அங்குள்ள போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். டிசம்பரிலிருந்து அபராதம் என்றும் சொல்லப்பட்டது. உடனேயே அப்போதைய போக்குவரத்து அமைச்சர் கணேஷ் குமார் இப்போதைக்கு அபராதம் இல்லை என்று நிறுத்தி வைத்தார். ஆனால் அந்த 135 செ.மீ. கணக்கை மறந்துவிடாதீர்கள், அது அர்த்தமுள்ள அளவு.

சட்டம் "பெல்ட் அல்லது காப்பு இருக்கை" என்று சொல்வதால், உங்கள் பையனை வெறும் பெல்ட்டில் கட்டினாலும் அபராதம் வராது. ஆனால் பெல்ட்டுக்கு வயது தெரியாது, உயரம்தான் தெரியும். பெரியவர்கள் உடம்புக்கு அளவெடுத்த பெல்ட் 108 செ.மீ. பிள்ளைக்குக் கழுத்தை ஒட்டியும் வயிற்றின் மேலும் போகும். மோதும்போது இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பட்டை மெத்தென்ற வயிற்றுக்குள் இறங்கிவிடும். குடல், மண்ணீரல், முதுகெலும்பு எல்லாம் அடிபடும். கழுத்தில் உரசுகிறது என்று பிள்ளையே தோள்பட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொள்ளும். அப்போது மேல் உடம்பைப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

ஆகவே அவனுக்குப் பூஸ்டர் அவசியம், அதுவும் முதுகுச் சாய்வு உள்ளது. அடிப்பலகை மட்டும் வரும் மலிவு பூஸ்டர் மலைப்பாதைக்கு ஆகாது. குட்டிக்கானம் வளைவுகளில் தூங்கினால் பையன் பக்கவாட்டில் சரிவான், பெல்ட் தோளைவிட்டு நழுவும். முதுகுள்ள பூஸ்டரில் தலைக்குப் பக்கம் தாங்கலும், தோள்பட்டைப் பெல்ட்டை நுழைக்கும் கொக்கியும் இருக்கும். சரியாக உட்கார்ந்தால் மேல் பட்டை தோளின் நடுவில் காரை எலும்பு மேல் போகும், கீழ்ப் பட்டை தொடையைத் தொட்டபடி தாழ்வாக இருக்கும். பூஸ்டருக்குத் தோள்வழி பெல்ட் கட்டாயம். உங்கள் நடுசீட் இடுப்பு பெல்ட்டில் பூஸ்டரை ஒருபோதும் போடாதீர்கள்.

பூஸ்டரை எப்போது நிறுத்தலாம் என்றால், அது இல்லாமல் முதுகு சீட்டில் ஒட்டி, முழங்கால் சீட் விளிம்பில் இயல்பாக மடங்கி, பட்டைகள் மேலே சொன்ன இடத்திலேயே நின்று, வழி முழுக்க அப்படியே உட்கார முடிகிறபோது. பெரும்பாலும் 135 முதல் 150 செ.மீ.க்குள் அது நடக்கும். அவனுக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது.

பின்னோக்கி:
சின்னவள் விஷயம் நான் சொல்கிறேன். கடைக்காரர் சொல்வது குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் பழைய ஆர்44 தரத்தின் எடைக் கணக்கு. அதில் 9 கிலோவிலிருந்து முன்னோக்கி அனுமதி உண்டு. அதற்குப் பின் வந்த ஆர்129, அதாவது ஐ-சைஸ், 15 மாதம் ஆகும் முன் முன்னோக்கித் திருப்பக் கூடாது என்கிறது. காரணம் குழந்தையின் உடற்கூறு. கைக்குழந்தையின் தலை உடம்பின் எடையில் பெரிய பங்கு, கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாகக் கூடவில்லை. முன்னோக்கி உட்கார்ந்து முட்டினால் உடம்பைப் பட்டை பிடிக்கும், தலை மட்டும் முன்னால் பாயும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் கடினமான ஓடே சேர்த்துத் தாங்கும். அதனால் 15 மாதம் என்பது குறைந்தபட்சம். சீட் அனுமதிக்கும் உச்ச எடை வரை பின்னோக்கியே வையுங்கள்.

வாங்க வேண்டியது 0+/1 வகை. பின்னோக்கி 13 கிலோ வரைக்கும், பிறகு முன்னோக்கி 18 கிலோ வரைக்கும் பயன்படும். சில மாடல்கள் பின்னோக்கியே 18 கிலோ வரை விடும், கிடைத்தால் அதையே எடுங்கள். "பெல்ட்டில் பொருத்தலாம்" என்று கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். ஐசோஃபிக்ஸ் மட்டும் உள்ள சீட் உங்கள் வண்டிக்கு உதவாது. முதுகில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் இருக்க வேண்டும், வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆர்44 என்றால் ஒப்புதல் எண் 04 என்று தொடங்கும். நம் நாட்டுத் தரத்தின் பெயர் ஏஐஎஸ்-072. ஸ்டிக்கர் இல்லாத, துணியும் பஞ்சும் மட்டுமான "பேபி கார் சீட்" 900 ரூபாய்க்குக் கிடைத்தாலும் வேண்டாம். ஓடு இல்லாத அது வெறும் மெத்தை.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் பிளாஸ்டிக்கில் அச்சான தேதியையும் காலாவதியையும் பாருங்கள். விபத்தில் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். ஓட்டில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம்.

மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முட்டி நின்றால் எடை சுமார் 14 மடங்காக இழுக்கும். 9.2 கிலோ குழந்தை கையில் ஏறத்தாழ 130 கிலோ. எந்தக் கையும் பிடிக்காது.

வொர்க்‌ஷாப்_கூடலூர்:
ஐசோஃபிக்ஸ் இல்லையே என்று கவலை வேண்டாம் சார். பெல்ட்டில் ஒழுங்காகப் பொருத்திய சீட் நன்றாகவே நிற்கும். வித்தியாசம் என்னவென்றால் பெல்ட்டில் தப்பு செய்ய வாய்ப்பு அதிகம்.

இடம்: சின்னவள் இடதுபுற ஓரம், முன்பயணி சீட்டுக்குப் பின்னால். இறக்கும்போது நடைபாதைப் பக்கம் நிற்கலாம். பையன் டிரைவருக்குப் பின்னால். நடுவில் வீட்டம்மா இடுப்பு பெல்ட்டோடு, அம்மா முன்னால். முன்சீட்டில் ஏர்பேக் இருந்தால் பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது. பை வெடித்து விரிந்து சீட்டின் முதுகைக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும்.

முதலில் பின்சீட் கவரைக் கழற்றுங்கள். நம்ம ஊரில் போடுகிற தடித்த ரெக்சின் கவர் வழுக்கும், பக்கிளையும் மூடிவிடும். அதன் மேல் எவ்வளவு இறுக்கினாலும் அரை மணியில் தளர்ந்துவிடும்.

சமதரையில் நிறுத்திப் பொருத்துங்கள். சீட்டின் மேல் சாய்வு காட்டும் கோட்டை மலைச்சரிவில் நின்று பார்த்தால் பொய் சொல்லும். முன்சீட்டைத் தள்ளி, சீட்டை வைத்து, பின்னோக்கி என்றால் சீட்டில் நீல நிறத்தில் குறித்த வழியில் பெல்ட் போகும் (முன்னோக்கிக்குச் சிவப்பு). பட்டை எங்கும் முறுக்கக் கூடாது. பக்கிளில் மாட்டியபின் சீட்டின் மேல் முழங்காலை அழுத்திவைத்து, தோள்பட்டைப் பக்கத்தை மேலே இழுத்துச் சுருக்குங்கள். சீட்டில் லாக் கிளிப் (பெல்ட் தளராமல் பிடிக்கும் கிளிப்) இருந்தால் அப்போதே மூடுங்கள். நம் கார் பெல்ட் திடீர் இழுப்பில்தான் பூட்டும், சாதாரண நேரத்தில் தளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் இந்தச் சுருக்குதல் முக்கியம்.

சோதனை: பெல்ட் நுழைகிற இடத்தைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னும் ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் எதுவும் ஆடும், அதைப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, கார் பக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின் மேல் வந்து மடங்கினால் அது சரியான பொருத்தம் இல்லை. மோதலில் பக்கிள் உடையும் அபாயம். அந்தச் சீட் உங்கள் வண்டிக்கு வேண்டாம். பெல்ட் நீளம் போதாமலும் போகலாம், அதனால் கடையிலேயே காரில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தேக்கடிரோடு:
ரொம்ப நன்றி. வாகமன், மூணாறு பக்கம் போகும்போது குளிரும். ஸ்வெட்டர் போட்டுக் கட்டலாமா? சின்னவள் வளைவில் வாந்தியும் எடுப்பாள். பட்டையைக் கழற்றித் துவைக்கலாமா?

பின்னோக்கி:
தடித்த ஸ்வெட்டரும் துணிச்சுற்றும் பட்டைக்கு அடியில் கூடாது. மோதும்போது பஞ்சு அமுங்கும், பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையோடு கட்டிவிட்டுப் போர்வையை மேலே போடுங்கள். பட்டையின் இறுக்கத்தைத் தோளில் கிள்ளிப் பாருங்கள், நீளவாக்கில் விரலுக்குள் மடிப்பு பிடிபட்டால் இன்னும் சுருக்க வேண்டும். பின்னோக்கியில் பட்டை தோளுக்கு நேராகவோ கொஞ்சம் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கிக்கு மாறும்போது நேராகவோ மேலிருந்தோ.

வாந்தி பட்டால் பட்டையைக் கழற்றி மெஷினில் போடாதீர்கள், பிளீச்சிலோ தண்ணீரிலோ ஊறவைக்காதீர்கள். நூலின் பலம் போகும். இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் நனைத்த துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். மேல் துணி மட்டும் துவைக்கலாம். பக்கிளுக்குள் போனதைத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.

கோட்டயம் வரைக்கும் நிறுத்தாமல் போகாதீர்கள். சாய்ந்தே கிடந்தால் சின்னவளுக்குத் தலை குனிந்து மூச்சு சிரமமாகலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துத் தூக்குங்கள்.

ஏலமலை:
ஒரு சேர்க்கை. குமுளியில் வாடகை ஜீப் பிடித்தால் பக்கவாட்டு பெஞ்சில் இந்தச் சீட் எதையும் பொருத்த முடியாது. முன்னோக்கிய இருக்கையும் தோள்வழி பெல்ட்டும் உள்ள காரை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பைக்கில் போக நேர்ந்தால் 4 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு உடம்போடு கட்டும் பட்டையும், 9 மாதம் முதல் 4 வயது வரை ஹெல்மெட்டும், 40 கி.மீ. வேக வரம்பும் 2023 பிப்ரவரி 15 முதல் விதி. சின்னவளைக் கட்டும் பட்டையை நீங்கள் ஓட்டும்போது உங்கள் உடம்போடு மாட்ட வேண்டும்.

அடுத்த கார் வாங்கும்போது பின்சீட்டின் இரு ஓரத்திலும் ஐசோஃபிக்ஸும் மேல் பட்டைக் கொக்கியும் (குழந்தை சீட்டின் மேற்பகுதியைக் கட்டும் இடம்), நடுவில் தோள்வழி பெல்ட்டும் உள்ளதைப் பாருங்கள். கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திர மதிப்பீடு தரும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்சிஏபி 2023 அக்டோபர் முதல் நடத்தும் சோதனையில் குழந்தைகள் பாதுகாப்புக்குத் தனியாக 49 மதிப்பெண் உண்டு. 18 மாதக் குழந்தை, 3 வயதுக் குழந்தை உருவ பொம்மைகளை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். நட்சத்திரத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அந்த 49-இல் எவ்வளவு என்று பாருங்கள்.