களவு போன நகைக்கு மை போட்டுப் பார்த்தார்கள், இப்போது ஒரு பையன் மேல் பழி. பொலிஸ் இதை ஏற்குமா?

தலவாக்கலை_மகன்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், விஷயம் தெரிந்தவர்கள் தயவு செய்து பதில் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் சித்தி வீட்டில், தங்கச்சியின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சங்கிலியும் ஒரு சோடித் தோடும் காணாமல் போய்விட்டன. தகரப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் இருந்தவை. சித்தி கொழுந்து பறிக்கப் போயிருந்தார், சித்தப்பா டவுனில். பூட்டு உடையவில்லை, பொருள் மட்டும் இல்லை. பொலிஸில் என்ட்ரி போட்டோம், வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் கிடையாது.

சித்தப்பா மனசு கேட்காமல் மை போட்டுப் பார்க்கிற ஒருவரிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வெற்றிலையில் மையைத் தடவி, விளக்கைப் பக்கத்தில் வைத்து, சொந்தக்காரப் பிள்ளை ஒன்றை, சின்னப் பிள்ளைதான், உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார். யாராவது இடத்தைக் கூட்டுகிறார்களா, தண்ணீர் தெளிக்கிறார்களா, நாற்காலி போடுகிறார்களா, அனுமார் வந்து உட்கார்ந்துவிட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், பிள்ளை எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றது. அப்புறம் களவெடுத்த ஆளைக் காட்டச் சொல் என்றார். ஆள் உயரமா கட்டையா, கறுப்பா சிவப்பா, லயத்துக்கு, அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேல் பக்கமா கீழ்ப் பக்கமா என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வந்து நின்றது: உயரமான கறுத்த பையன், கீழ்ப் பக்கம்.

கீழ்ப் பக்கத்துக் கடைசிக் காம்பரா வீட்டில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். கொழும்பில் ஒரு கடையில் நின்றுவிட்டு, வேலை இல்லாமல் திரும்பி வந்தவன். அவ்வளவுதான், லயமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவனுடைய அம்மா தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். சித்தப்பா பொலிஸுக்குப் போய் அவன் பெயரைக் கொடுக்கப் போகிறேன் என்று நிற்கிறார். வெளிநாட்டில் பொலிஸே இப்படிப்பட்ட சக்தி உள்ளவர்களை வைத்துத்தான் கொலைகாரனைப் பிடிக்கிறது, டிவியில் காட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். உண்மையா? இங்கே நீதிமன்றத்தில் இதெல்லாம் எடுபடுமா?


கோட்_மொழிபெயர்ப்பாளர்:

தம்பி, முதலில் சித்தப்பாவைக் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீதிமன்றத்தில் எடுபடாது. நமது சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895-இல் வந்தது. கண்டதென்றால் கண்டவரே வந்து சொல்ல வேண்டும், கேட்டதென்றால் கேட்டவரே சொல்ல வேண்டும் என்பது அதன் 60-ஆம் பிரிவு. நிபுணர் என்று ஒருவரின் கருத்தை எடுப்பதற்கு 45-ஆம் பிரிவு இருக்கிறது, அது விஞ்ஞானம், கையெழுத்து, கைரேகை மாதிரியான விஷயங்களுக்கு. வெற்றிலையில் தெரிந்த ஆள் இதில் எதற்குள்ளும் அடங்க மாட்டான்.

ஆனால் பயப்பட வேண்டியது நீதிமன்றத்துக்கு முந்திய கட்டத்துக்குத்தான். முறைப்பாட்டில் யாரும் "மை போட்டுப் பார்த்தோம்" என்று எழுதிக் கொடுப்பதில்லை, "இன்னார் மேல் சந்தேகம்" என்று ஒரே வரி, அவ்வளவுதான். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். பையனைக் கூப்பிடுவார்கள். லயத்துப் பையன், வேலை இல்லை, பேசுவதற்கு ஆள் இல்லை, அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

2015-இல் கொட்டதெனியாவையில் ஒரு சின்னப் பெண் பிள்ளை கொல்லப்பட்டதே, நினைவிருக்கிறதா? அதில் மை, குறி எதுவும் இல்லை, வெறும் சந்தேகம்தான். முதலில் 17 வயது மாணவன் ஒருவனையும் இன்னொருவரையும் பிடித்தார்கள், பொலிஸில் வைத்து அடித்தார்கள் என்று அவர்கள் பிறகு சொன்னார்கள். மரபணுப் பரிசோதனையில் அவர்கள் இல்லை என்று ஆனது. அதற்குப் பிறகு இன்னொருவர் நான்தான் செய்தேன் என்று வாக்குமூலமே கொடுத்தார். அதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனுக்கு, 2016-இல் அவர்தான் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளே ஆள் இல்லை என்கிறபோது, "உயரமான கறுத்த பையன்" என்பதை வைத்து என்ன செய்வது? உங்கள் டிவிஷனில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் போய் நின்று பாருங்கள், அந்த அடையாளத்துக்கு எத்தனை பேர் பொருந்துவார்கள் என்று.


பசறை_அண்ணன்:

எல்லாவற்றையும் பொய் என்று ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். எங்கள் பக்கம் கோயில் மணி களவு போனது, முனியாண்டி கோயிலில் சாமி வந்து ஆடி, "எடுத்தவன் இந்தக் கூட்டத்தில் நிற்கிறான், விடிவதற்குள் வைக்காவிட்டால் வீட்டில் இழவு விழும்" என்று வாக்குச் சொன்னது. விடியும்போது மணி கோயில் திண்ணையில் இருந்தது. நான் கண்ணால் கண்டது. பொலிஸுக்குப் போயிருந்தால் மணியும் வந்திருக்காது, மானமும் போயிருக்கும்.

வெளிநாட்டிலும் இருக்கிறது. 1980-இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் எட்டா ஸ்மித் என்ற பெண், காணாமல் போன ஒரு தாதியின் உடல் மலைப் பள்ளத்தாக்கில் கிடப்பது மனக்கண்ணில் தெரிந்தது என்று பொலிஸுக்குச் சொல்லிவிட்டு, தானே போய்த் தேடி, உடலும் கிடைத்தது. 1978-இல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் அல்டோ மோரோவைக் கடத்தி வைத்திருந்தபோது, சில பேராசிரியர்கள் ஆவியை அழைத்துக் கேட்டதில் "கிரதோலி" என்ற பெயர் வந்தது. கடத்தியவர்களின் வீடு ரோமில் கிரதோலி வீதியில்தான் இருந்தது. இதற்கெல்லாம் என்ன சொல்கிறீர்கள்?


டிக்கோயா_டீச்சர்:

அண்ணன், உங்கள் கோயில் மணிக் கதையை நான் முழுதாக நம்புகிறேன். எடுத்தவன் பயந்தான், கொண்டுவந்து வைத்தான். அந்தப் பயத்துக்கு மலையகத்தில் எவ்வளவு பலம் என்று எனக்கும் தெரியும், நானும் ரோதமுனி சாமிக்குப் படையல் போட்ட குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் கவனித்தீர்களா, அங்கே சாமி யார் பெயரையும் சொல்லவில்லை. எடுத்தவன் யாருக்கும் தெரியாமல் திருப்பி வைக்க ஒரு இரவு கொடுத்தது. இந்த மை பார்த்தவர் செய்தது அதற்கு நேர் எதிர், ஒரு பிள்ளையின் வாயால் ஆளைக் காட்டினார்.

நீங்கள் சொன்ன இரண்டு சம்பவமும் நடந்தவைதான், ஆனால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். எட்டா ஸ்மித்தைப் பொலிஸ் சந்தேக நபராகப் பிடித்து அடைத்து வைத்தது, உடல் இருக்கும் இடம் உனக்கு எப்படித் தெரியும் என்று. உண்மையில் செய்தவர்கள் பிறகு பிடிபட்டார்கள், அந்த அம்மா வழக்குப் போட்டு 1987-இல் நட்டஈடு வாங்கினார். அதாவது பொலிஸே அதைச் சக்தியாக எடுக்கவில்லை, எங்கிருந்து தெரிந்தது என்றுதான் கேட்டது. மோரோ விஷயத்தில் ஆவி சொன்னதைக் கேட்டு பொலிஸ் போனது ரோமிலிருந்து தள்ளியிருந்த கிரதோலி என்ற கிராமத்துக்கு. அங்கே ஒன்றும் இல்லை. மோரோவையும் காப்பாற்ற முடியவில்லை, கொன்றுவிட்டார்கள். அந்தப் பெயரை வெளியே விட்டவர், கடத்தியவர்கள் பக்கத்திலிருந்து ஏதோ தெரிந்தவர், தன்னைக் காட்டிக்கொடுக்க பயந்து ஆவியின் பெயரில் சொல்ல வைத்தார் என்பது இத்தாலியில் பலருடைய சந்தேகம். என்னுடைய எண்ணமும் அதுதான்.

தலவாக்கலைத் தம்பிக்கும் அதையேதான் கேட்கிறேன். அந்த மை பார்ப்பவரிடம் நீங்கள் போவதற்கு முன்பு யார் பேசியது?

இன்னொன்று, டிவியில் காட்டுவது பற்றி. நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் ஹூர்கோஸ் என்பவரை 1964-இல் பொஸ்டன் நகரத்துக்குக் கூப்பிட்டார்கள், பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றவனைக் கண்டுபிடிக்க. அவர் ஒரு சப்பாத்து விற்பவரைக் காட்டினார், மனநலம் சரியில்லாத ஆள். அவர் இல்லை. வேறொருவர் பிறகு ஒப்புக்கொண்டார், 2013-இல் கடைசிக் கொலைக்கு மரபணுவும் அந்த வேறொருவருடன்தான் பொருந்தியது. அதே நாட்டு ஜெராட் குரோய்செட் 1966-இல் அவுஸ்திரேலியாவுக்குப் போய், அடிலெய்டில் காணாமல் போன மூன்று பிள்ளைகளும் ஒரு களஞ்சியக் கட்டடத்தின் அடியில் இருக்கிறார்கள் என்றார். சனங்கள் 40,000 டொலர் சேர்த்துத் தோண்ட வைத்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, அந்தப் பிள்ளைகள் இன்றுவரை கிடைக்கவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் இதை ஒழுங்காகச் சோதித்தும் பார்த்தது, 1979-இல் வெளியான ஆய்வு, சக்தி இருக்கிறது என்று சொன்ன 12 பேரிடம் நான்கு குற்றங்களைப் பற்றிக் கேட்டார்கள், விசாரணைக்கு உதவும்படி எதுவும் வரவில்லை. டிவி இதைக் காட்டாது.

எனக்கு எல்லாவற்றையும் விட வயிறு எரிவது அந்தச் சின்னப் பிள்ளையை நினைத்துத்தான். வகுப்பில் தினமும் பார்க்கிறேன், பெரியவர்கள் ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்டால் பிள்ளை பதிலை மாற்றும், முகத்தைப் பார்த்து எது பிடிக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்லும். மேல் பக்கமா கீழ்ப் பக்கமா என்று கேட்டபோது அறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் மனசில் ஒரு முகம் இருந்திருக்கும். பிள்ளை படித்தது மையை அல்ல, உங்கள் முகங்களை. நாளைக்கு அந்தப் பையன் அடிபட்டால் "நான் சொன்னதால்தானே" என்று அந்தப் பிள்ளை காலம் முழுவதும் சுமக்கும். தயவு செய்து இனிமேல் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.


தலவாக்கலை_மகன்:

டீச்சர், நீங்கள் கேட்டதைச் சித்தியிடம் கேட்டேன். போவதற்கு முந்தின நாள் சித்தப்பா அவருடன் போனில் வெகுநேரம் பேசியிருக்கிறார். யார் யார் மேல் சந்தேகம் என்று அவர் கேட்டாராம், சித்தப்பா கடைசிக் காம்பராப் பையனையும் சொல்லியிருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது.

சித்தி அழுகிறார். பையன் மேல் அவருக்குக் கோபம் இல்லை, நகையைத்தான் நினைத்து அழுகிறார். பொலிஸுக்கு என்ன சொல்வது, எப்படிச் சொல்வது?


மஸ்கெலியா_மாலா:

தம்பி, என் அண்ணன் வேலைக்கென்று கொழும்புக்குப் போய் தொடர்பே இல்லாமல் போனவர். அம்மா குறி கேட்காத இடமில்லை. ஒருவர் கடல் கடந்து இருக்கிறார் என்றார், இன்னொருவர் தண்ணீரில் போய்விட்டார், காரியம் செய்யுங்கள் என்றார். அந்த இரண்டாவது வார்த்தைக்குப் பிறகு அம்மா தேடுவதை விட்டுவிட்டார். எனக்கு அதுதான் ஆறவில்லை. சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுக் காணிக்கையை எடுத்துக்கொள்கிறார்கள், கேட்ட தாய் அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை வாழ வேண்டும்.

அமெரிக்காவில் அமாண்டா பெரி என்ற பெண் 2003-இல் கடத்தப்பட்டார். 2004-இல் சில்வியா பிரவுன் என்ற பிரபலமான குறிக்காரி டிவியிலேயே அவருடைய தாயிடம் உன் மகள் உயிரோடு இல்லை என்று சொன்னார். தாய் 2006-இல் இறந்துபோனார். மகள் 2013-இல் அதே நகரத்தில் ஒரு வீட்டிலிருந்து தப்பி வெளியே ஓடி வந்தார், உயிரோடு. இதைப் படித்த அன்றிலிருந்து நான் அண்ணனின் போட்டோவை மறுபடியும் எடுத்துக்கொண்டு திரிகிறேன். காரியம் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.


பசறை_அண்ணன்:

டீச்சர் சொன்ன மணி விஷயம், அதாவது சாமி பெயர் சொல்லவில்லை என்பது, அது சரிதான். ஆனாலும் என் நம்பிக்கை எனக்கு. தங்கச்சி மாலா, அண்ணன் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன். தம்பி, அந்தப் பையனின் அம்மாவிடம் சித்தியைப் போய் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், பொலிஸ் அப்புறம்.


கோட்_மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள். பொலிஸுக்கு இதைச் சொல்லுங்கள்:

அந்தச் சங்கிலியை எப்போதாவது அடகு வைத்திருப்பீர்கள்தானே, நம் வீடுகளில் அடகுக்குப் போகாத சங்கிலி ஏது? பழைய அடகுச் சீட்டைத் தேடுங்கள், அதில் கிராம் கணக்கில் எடையும் எத்தனை கரட் என்பதும் இருக்கும். தங்கச்சி அதைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோ இருந்தால் அதையும் எடுங்கள், திருவிழாப் போட்டோ ஒன்றாவது இருக்கும். இரண்டையும் கொண்டுபோய், முறைப்பாட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். எடையும் வடிவமும் தெரிந்தால்தான் டவுனில் உள்ள அடகுக் கடைகளில் விசாரிக்க முடியும். "ஒரு சங்கிலி" என்று மட்டும் எழுதியிருந்தால் யாராலும் தேட முடியாது.

பூட்டு உடையவில்லை என்பது பெரிய தகவல். சாவி எங்கே இருக்கும், அது யார் யாருக்குத் தெரியும், அன்றைக்கு யார் வேலைக்குப் போகவில்லை, இதைச் சித்தி தனக்குத் தெரிந்த மட்டும் சொல்லட்டும், ஊகிக்க வேண்டாம். செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டில், அன்றைக்கு யார் பெயர் விழுந்தது என்பதைப் பொலிஸ் தோட்டத்து ஒபிசில் பார்த்துக்கொள்ளும். தமிழில் சொல்லித் தமிழில் பதிவு செய்யக் கேட்பது உங்கள் உரிமை, அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. தமிழ் எழுத ஆள் இல்லை என்று சொன்னால், எழுதியதை வாசித்து விளக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். "சந்தேக நபர்" என்ற இடத்தில் பையனின் பெயர் ஏறிவிடுவது பெரும்பாலும் அங்கேதான். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எதுவும் நகரவில்லை என்றால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் போகலாம், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

பையனை யாராவது கை வைத்தால், பொலிஸோ தோட்டத்து ஆட்களோ, அவன் வீட்டாரிடம் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்தைக் கொடுங்கள். சித்தப்பா பொலிஸுக்குக் கிளம்பிவிட்டால் நீங்களும் கூடவே போங்கள், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.