ஹெட்டைத் திறப்பதா, வண்டியைத் தள்ளுவதா

குழு: வேர்கிளம்பி வீடு

ஞாயிறு

அப்பா: ஸ்விஃப்டை மார்த்தாண்டத்தில் பட்டறையில் விட்டாயிற்று. ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவே வைக்கிற தகடு, போய்விட்டது என்கிறார் மெக்கானிக். 22,000 ஆகுமாம், மேலேயும் போகலாமாம். செய்யவா வேண்டாமா, எல்லோரும் சொல்லுங்கள். மழையில் ரப்பர் பால் வெட்டும் இல்லை. பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும்.

அக்கா: தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லையே? இன்சூரன்ஸில் கிடைக்காதா அப்பா?

அத்தான்: எங்கேயும் இடித்தால்தான் கிடைக்கும். சூடாகி எஞ்சின் போனால் கை விரித்துவிடுவார்கள். மாமா, அது 2012 வண்டி. 2027-ல் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அதற்கு வேறு வரி, எஃப்சி என்கிற தகுதிச் சான்று என்று அலைச்சல். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

அம்மா: ஓடுகிற வண்டியைத் தள்ளுவதாம்!

அத்தான்: இப்போது ஓடவில்லையே மாமி 😄

நான்: தம்பி, நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல். சவூதியில் இருக்கிற தம்மாம் மாமா டியூட்டி முடிந்து வந்ததும் அதைத்தான் கேட்பார்.

தம்பி: நாகர்கோவிலில் இருந்து வரும்போது ஒன்றும் இல்லை. தக்கலை மேட்டுக்கடையில் டிராஃபிக் பிளாக். நின்று நின்று வந்தேன். ஏசி குளிரவே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. அழகியமண்டபம் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒதுக்க இடம் கிடைக்காமல் ஒரு கிலோமீட்டர் போல ஓட்டி நிறுத்தினேன். பானெட்டுக்குள் இருந்து ஒரே ஆவி.

தம்மாம் மாமா: வந்துவிட்டேன் மக்கா. நிறுத்திய பிறகு திரும்ப ஸ்டார்ட் செய்தாயா?

தம்பி: நல்லா ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிச் செய்தேன். உதறியது. பின்னால் வெள்ளைப் புகை. உடனே அணைத்துவிட்டேன். கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம்.

தம்மாம் மாமா: அதுதான் நல்ல காரியம். நிறையப் பேர் தண்ணீர் ஊற்றி ஊற்றி வீடு வரை ஓட்டுவார்கள். கேஸ்கட்டோடு போவது அப்போது பேரிங் வரைக்கும் போய்விடும்.

அத்தான்: கேஸ்கட் போனால் புகையில் ஒரு இனிப்பு வாசனை வரும் என்று யூடியூபில் சொன்னார்களே?

தம்பி: அப்படி ஒன்றும் வரவில்லை.

தம்மாம் மாமா: அந்த வாசனை, எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றுகிற கூலன்ட்டில் இருக்கிற கிளைக்கால் என்ற ரசாயனத்துடையது. அத்தான், ரேடியேட்டருக்கு என்ன ஊற்றுகிறீர்கள்?

அத்தான்: நான் எங்கே ஊற்றினேன்?

தம்மாம் மாமா: மருமகனே, உங்களை இல்லை. என் அத்தானை.

அப்பா: நம்ம கிணற்றுத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர். நாம் குடிக்கிறோமே.

தம்மாம் மாமா: குடிக்க நல்லதுதான். உள்ளே அலுமினியத்தை அரிக்கும், ரேடியேட்டரில் உப்புப் படியும். இனிமேல் கூலன்ட்டும் வடிநீரும் பாதிக்குப் பாதி. பேட்டரிக்கு ஊற்றுவோமே, அந்தத் தண்ணீர்.

அப்பா: சரி சரி.

தம்மாம் மாமா: இப்போது விஷயத்துக்கு வருவோம். ஏசி குளிரவில்லை என்றானே, காரணம் அங்கேதான் இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றிவிடும். டிராஃபிக்கில் நின்றால் ஃபேன் சுற்றினால்தான் உண்டு. ஏசிக்கும் அதே காற்றுதான். ரெண்டும் சேர்ந்து படுத்தது என்றால் ஃபேனைத்தான் சந்தேகப்படுவேன். ஃபியூஸ், ரிலே, மோட்டார் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரி செய்யாமல் கேஸ்கட் மட்டும் மாற்றினால் அடுத்த திருவிழாக் கூட்டத்தில் அதுவும் போகும்.

நான்: கேஸ்கட்தான் போயிருக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் மாமா? பிரிக்கவே இல்லையே.

தம்மாம் மாமா: அதைத்தான் கேட்க வந்தேன். உதறலும் வெள்ளைப் புகையும் அந்தப் பக்கம்தான் காட்டுகிறது. ஆனாலும் சோதிக்க வழி இருக்கிறது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டில் குறைவாகக் காட்டும். ரெண்டுக்கும் அரை மணி நேரம் போதும். சூட்டில் மட்டும் மூடியில் யாரும் கை வைக்காதீர்கள். அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும் தண்ணீர், திறந்த நொடியில் முகத்துக்கு வரும்.

அப்பா: ஆயில் மூடியில் லேசாக வெள்ளையாக இருந்தது என்றார்.

தம்மாம் மாமா: மூடியில் மட்டும் என்றால் மழைக்கால ஈரமாகக்கூட இருக்கலாம். பக்கத்திலேயே ஓட்டுகிற வண்டிகளில் வரும். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அதிலும் பால்காப்பி போல இருந்தால்தான் கவலை.

அக்கா: எங்கள் தெருவில் ஒருவர் டின்னில் ஏதோ ஊற்றினாராம், கசிவு தானாக அடைத்துக்கொண்டதாம். சில நூறு ரூபாய்தான் என்கிறார்.

தம்மாம் மாமா: வேண்டவே வேண்டாம் மக்களே. விற்கிறவன் வாங்குகிறவன் தலையில் கட்ட ஊற்றுவது அது. ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கும்.

அத்தான்: அப்படியானால் என் யோசனை என்ன ஆயிற்று? விற்பது?

தம்மாம் மாமா: தப்பு இல்லை. ஆனால் எஞ்சின் ஓடாத வண்டிக்குப் பாதி விலை கூட வராது. வாங்குகிறவன் எஞ்சினே போச்சு என்றுதான் கணக்குப் போடுவான். ஓட வைத்துவிட்டு விற்றாலும் போட்ட காசு திரும்பும். வண்டியின் மற்ற பாகம் எப்படி? துரு, கிளட்ச், டயர்?

அப்பா: டயர் போன வருஷம் மாற்றியது. கிளட்சும் நன்றாக இருக்கிறது. துரு இல்லை. கடற்கரைப் பக்கம் போகிற வண்டி இல்லையே.

நான்: அப்படியானால் முழு வேலைக்கும் இப்போதே சரி சொல்ல வேண்டாம். ஹெட்டை இறக்கிப் பார்க்க மட்டும் சொல்லலாம். கூலி எவ்வளவு கேட்கிறார்?

அப்பா: 4,000. வேலை அங்கேயே செய்தால் அதைக் கழித்துக்கொள்வாராம்.

தம்மாம் மாமா: நல்ல பேச்சு. லேத் பட்டறையில் ஹெட்டின் மேல் நேர்ச்சட்டம் வைத்து வளைவு பார்க்கட்டும், பிரஷர் போட்டு விரிசல் பார்க்கட்டும். அந்த ஒரு கிலோமீட்டர் என்ன செய்தது என்று அங்கேதான் தெரியும். விரிசல் இருந்தால் அதோடு நிறுத்திவிட்டு மருமகன் சொன்னபடி செய்யுங்கள். கோவை உக்கடத்தில் பழைய எஞ்சின் வாங்கலாம் என்று யாராவது வருவார்கள், அதன் கதை யாருக்கும் தெரியாது. நான் போட மாட்டேன்.

அம்மா: சோறு தின்றாயா தம்பி?

தம்மாம் மாமா: இனிமேல்தான் அக்கா.

செவ்வாய்

அப்பா: 📷 📷 ஹெட் இறங்கியது. கேஸ்கட்டில் 2-ஆம் சிலிண்டருக்கும் 3-ஆம் சிலிண்டருக்கும் நடுவே கருகிப் பிளந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம். ஃபேன் ரிலே எரிந்திருக்கிறது.

தம்பி: ஏசி அன்றைக்கே சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.

தம்மாம் மாமா: லேத்தில் என்ன சொன்னார்கள்?

அப்பா: விரிசல் இல்லை. நடுவில் 0.10 மில்லிமீட்டர் வளைவாம்.

தம்மாம் மாமா: இந்த மாதிரிச் சின்ன எஞ்சினுக்கு 0.05-க்கு மேல் விட மாட்டார்கள். ஃபேசிங் செய்தால், அதாவது அடிமுகத்தைச் சீவிச் சமமாக்கினால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை. எஞ்சின் பிளாக்கின் முகத்திலும் சட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதை மறந்துவிடுவார்கள்.

நான்: அப்பா, 22,000-ல் என்னென்ன சேர்த்தி என்று எழுதி வாங்குங்கள்.

தம்மாம் மாமா: கேஸ்கட் செட், புது ஹெட் போல்ட், வால்வு சீல், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, ரிலே, ஆயிலும் ஃபில்டரும், கூலன்ட். ரேடியேட்டரையும் கழுவ வேண்டும். வாட்டர் பம்பில் ஆட்டம் இருந்தால் இப்போதே மாற்றுவது லாபம். போல்ட் மாற்றத் தேவையில்லை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு தடவை இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து நடுவில் இருந்து வெளியே இறுக்க வேண்டும். கைக்கணக்கு கூடாது.

அத்தான்: சரி, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 30,000 தாண்டினால் பேச்சு வார்த்தை மறுபடி என் பக்கம்.

அப்பா: தாண்டாது. வேலையைச் செய்யச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை தருவாராம்.

அம்மா: வெள்ளி என்றால் திங்கள். வியாழக்கிழமை கருங்கல் கல்யாணத்துக்கு எதில் போவது?

அக்கா: நாங்கள் வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் அம்மா. எட்டு மணிக்குத் தயாராக இருங்கள்.

அப்பா: மருமகனே, உங்கள் வண்டியில் என்ன ஊற்றுகிறீர்கள்?

அத்தான்: 🙏