அப்டேட்: ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பின சர்ஃப் போர்டு

கோவளத்துல நான் கையால செஞ்ச போர்டை பெர்த்துக்கு அனுப்ப கூரியர்ல இப்படி ரேட் சொல்றாங்களேன்னு புலம்பியிருந்தேன்ல, போய்ச் சேர்ந்துடுச்சு மக்களே. போர்டு நாலு கிலோ கூட இல்ல, ஆனா கூரியர்காரன் பெட்டி அடைக்கிற இடத்தையே எடையா கணக்குப் போட்டு, 200×60×15 செமீ பெருக்கி 5000-ஆல வகுத்து 36 கிலோங்கிறான், காத்துக்கு காசு! நீங்க சொன்னபடி ஃபின் (போர்டுக்கு அடியில இருக்குற துடுப்பு) கழட்டி, ஏசி பைப்புக்குப் போடுற ஃபோம் குழாயைக் கீறி ரெயில் (பக்கவாட்டு விளிம்பு) முழுக்க மாட்டி, மூக்குக்கும் வாலுக்கும் அட்டைய மடிச்சு சொருகி, பெட்டி உயரத்த 12 செமீக்கு இறக்கினதுல 28.8 கிலோ ஆச்சு. மரச்சட்டம் வேணவே வேணாம், மரத்துல பூச்சி இல்லாம பதப்படுத்தினதுக்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இல்லன்னா அங்க மடக்கிடுவாங்க. வால்ல ஒரு முடி அளவு விரிசல், வாங்கினவரே யுவி ரெசின் (வெயில் பட்டா இறுகுற பிசின்) தடவி அடைச்சுக்கிட்டாரு, தங்கமான மனுஷன். அடுத்து ரெண்டு போர்டு ஒரே பெட்டியில, கப்பல்ல எல்சிஎல் (மத்தவங்க சரக்கோட ஒரே கன்டெய்னர்ல அனுப்புறது) ரேட் கேட்டிருக்கேன்.