டிஸ்னிலேண்ட்ல டியானாஸ் பேலஸ் உணவகம் நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயருக்குப் பொருந்துதா? போய் வந்தவங்க சொல்லுங்க

கொத்தவால்சாவடி:
ஊர்லேர்ந்து அம்மா வந்திருக்காங்க. போன சனிக்கிழமை அவங்களையும் ஏழு வயசு மகளையும் கூட்டிக்கிட்டு அனஹைம் டிஸ்னிலேண்ட் போனோம். மத்தியானச் சாப்பாடு நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர்ல, அதாவது பூங்காவுக்குள்ள பழைய நியூ ஆர்லியன்ஸ் ஊர் மாதிரி கட்டின பகுதியில இருக்குற டியானாஸ் பேலஸ்ல. 'தி பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்' கார்ட்டூன் படத்து நாயகி டியானா பேர்ல வச்ச கடை. 2023 செப்டம்பர்ல திறந்த கடை. அதுக்கு முன்னாடி அதே கட்டடத்துல ஃப்ரெஞ்ச் மார்க்கெட்னு ஒண்ணு இருந்துச்சு. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல ஜாம்பலாயா (அந்த ஊர்க் கலவைச் சோறு) சாப்பிட்டுக்கிட்டு, பக்கத்து மேடையில வாசிக்கிற ஜாஸ் கேட்டுக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருந்த இடம் அது. அதனால கொஞ்சம் குறை கண்டுபிடிக்கிற மனசோடதான் உள்ளே போனேன், ஒத்துக்கறேன்.

வெளியிலேர்ந்து பார்த்தா குத்தம் சொல்ல முடியல. பீச் பழ நிறச் சுவர், பச்சை இரும்புக் கம்பி வேலைப்பாடு, கூரை உச்சியில காத்துத் திசை காட்டி. வழக்கமா அதுல சேவல் இருக்கும், இங்கே அல்லிப்பூ. தெருவுல நின்னா பக்கத்துக் கட்டடங்களோட ஒட்டித்தான் தெரியுது.

சிக்கல் மகளால வந்துச்சு. காலையிலேர்ந்து "டியானாவோட அரண்மனையில சாப்பிடப் போறோம்"னு நான்தான் ஏத்தி விட்டிருந்தேன். படத்துல கடைசியில டியானா திறக்குற அந்த ஹோட்டல் ஞாபகம் இருக்குல்ல? பெரிய கூடம், சரவிளக்கு, பாட்டு, ஆட்டம். இங்கே போன்லயே ஆர்டர் பண்ணி, கூப்பிட்டதும் போய்த் தட்டை வாங்கிட்டு வந்து உக்காரணும். அவ நாலு பக்கமும் பார்த்துட்டு, "அரண்மனை எங்கப்பா?"ன்னா. கல்யாண மண்டபம்னு சொல்லி மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போன கதை. தப்பு என்மேலதான், முன்னாடியே விசாரிச்சிருக்கணும்.

அம்மா மட்டும் சத்தமே இல்லாம கிண்ணத்தைக் காலி பண்ணிட்டாங்க. செவன் கிரீன்ஸ் கம்போ, அதாவது ஏழு கீரை போட்ட நியூ ஆர்லியன்ஸ் குழம்பு, சைவம். கடைசிக் கரண்டியில நிமிர்ந்து, "வெண்டைக்காய்க் குழம்பு வச்சவ புளியை மறந்துட்டா, ஆனா கைப்பக்குவம் இருக்கு"ன்னாங்க.

புளியோதரை:
உங்க அம்மாவுக்கு ஒரு கும்பிடு. சரியா வெண்டைக்காய்லதான் கை வச்சிருக்காங்க. கம்போங்கிற பேரே வெண்டைக்காயைக் குறிக்கிற ஆப்பிரிக்கச் சொல்லுலேர்ந்து வந்தது. அடிமைகளாப் பிடிச்சுட்டுப் போனவங்களோட அந்தக் காயும் பேரும் நியூ ஆர்லியன்ஸ் இருக்குற லூசியானா மாநிலத்துக்குப் போயிருக்கு. அந்தக் கிண்ணத்துல வெண்டைக்காய், யாம் கிழங்கு, சர்க்கரைவள்ளி, வெள்ளை பீன்ஸ், சோறு. நம்ம வீட்டுக் கூட்டுக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லலாம்.

நான் போன வருஷம் போனேன். பொருத்தம்னு கேட்டா எனக்குக் கட்டடத்தைவிடக் கிண்ணம்தான் முக்கியம். டியானா பாத்திரத்துக்குத் தூண்டுதல் லியா சேஸ். நியூ ஆர்லியன்ஸ்ல ட்ரெமே பகுதியில டூக்கி சேஸ் உணவகத்தைப் பல பத்தாண்டு நடத்தின அம்மா, 2019ல காலமானாங்க. கறுப்பின மக்களும் வெள்ளையரும் சேர்ந்து உக்காந்து பேசுறதே சட்டப்படி குத்தமா இருந்த காலத்துல, மனித உரிமைப் போராட்டக்காரங்க அவங்க மாடியிலதான் கூடிப் பேசினாங்க. வருஷா வருஷம் பெரிய வியாழன் அன்னைக்குக் கீரை கம்போ போடுவாங்க. பல கீரை சேர்க்கணும், எண்ணிக்கை ஒற்றைப்படையா இருக்கணும்கிறது வழக்கம். எத்தனை கீரையோ அத்தனை புது நண்பர்கள்னு நம்பிக்கை. தட்டுல இருக்குற ஏழு கீரைக்கு அர்த்தம் தெரிஞ்சப்போ எனக்கு அந்தக் கடை பிடிச்சுப்போச்சு. பொம்மைப் படத்துக்காகப் போட்ட பலகைக்குப் பின்னாடி நிஜமான ஒரு சமையல்கட்டு இருக்கு.

தண்டவாளம்:
அண்ணா, நான் ரயில் பைத்தியம். அந்தக் கடைக்குப் பின்னாடியே நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர் ரயில் நிலையம். அங்கே டொக்கு டொக்குன்னு தந்தி அடிக்கிற சத்தம் விடாம கேட்கும், கவனிச்சீங்களா? அது சும்மா சத்தம் இல்ல. 1955ல பூங்கா திறந்த அன்னைக்கு வால்ட் டிஸ்னி பேசின பேச்சோட தொடக்க வரிகள், பழைய தந்திக் குறியீட்டுல. தெரிஞ்சவங்க காதுக்கு மட்டும் எட்டுற மாதிரி வச்சிருக்காங்க. அந்த இடத்தைக் கட்டினவங்களோட நுணுக்கம் அப்படி.

அதனாலதான் "காலம் பொருந்தல"ன்னு சிலர் கோபப்பட்டப்போ நானும் முதல்ல தலையாட்டினேன். அந்தத் தெரு 1800களோட நடுவுல இருந்த நியூ ஆர்லியன்ஸ். டியானா கதை நடக்குறது 1920களில். எழுபது வருஷ இடைவெளி. அப்புறம் ஒரு சாயங்காலம் அங்கேயே உக்காந்து யோசிச்சேன். எதிர்ல ஜாஸ் வாசிக்கிறாங்க. 1850ல ஜாஸே பிறக்கல! ஆனா பல வருஷமா அங்கே ஜாஸ் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல. நாலு எட்டு வச்சா அதைவிடப் பழைய காலத்துக் கடற்கொள்ளைக்காரங்களைக் காட்டுற படகுச் சவாரி. அந்தச் சவாரிக்கு உள்ளேயே ப்ளூ பேயூ உணவகம், 1967லேர்ந்து இருக்கு. வெளியே கொளுத்துற வெயில், உள்ளே நாள் முழுக்க அந்தி. நீங்க சாப்பிடச் சாப்பிடப் பக்கத்துல படகு போகும். காலக் கணக்கு அங்கே என்னைக்குமே சுத்தமா இருந்ததில்ல. இவ்வளவு நாள் ஜாஸ் ஒரு வீடு இல்லாம வாசல்ல நின்னு வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு, இப்போ வீடு கிடைச்சிருக்கு. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

கௌசி:
நான் சொல்லப்போறது வேற கடை, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் ரொறன்ரோவில இருந்து புளோரிடாவுக்குப் போனனாங்கள். அங்கத்தைய மேஜிக் கிங்டத்தில ஸ்கிப்பர் கன்டீன் எண்டு ஒண்டு இருக்கு, 2015 கடைசியில திறந்தது. ஜங்கிள் குரூஸ் எண்ட படகுச் சவாரியின்ர படகோட்டியள் வேலை முடிஞ்சு சாப்பாடு பரிமாற வந்த மாதிரி ஒரு பாவனை. எங்களுக்குப் பரிமாறின பெடியன் மெனுவைத் தரமுந்தியே மூண்டு கடி ஜோக் அடிச்சுப்போட்டான். இவர் சிரிக்கவேயில்லை, பிள்ளையள் விழுந்து விழுந்து சிரிச்சினம். ஒரு புத்தக அலுமாரிக்குப் பின்னால ரகசிய அறை வேற. சுவரையும் கூரையையும் நான் இப்ப மறந்துபோனன், அந்தப் பெடியன்ர வாய் மட்டும் நினைவிருக்கு. உங்கட கடையில ஆக்கள் எப்பிடி? டியானா ஊர்க் கதை ஏதும் கதைக்கினமோ, சும்மா தட்டைத் தந்திட்டுப் போகினமோ?

கொத்தவால்சாவடி:
நல்லாப் பேசினாங்க அக்கா, ஆனா கதையா எதுவும் இல்ல. கவுன்டர்ல வரிசை நிக்கும்போது கதைக்கு நேரம் ஏது? உக்கார வச்சுப் பரிமாறுற கடைக்கும் இதுக்கும் வித்தியாசம் அங்கதான்.

சம்மணம்:
எல்லாரும் காலத்தையே பேசுறீங்க. என் வருத்தம் வேற. அந்தச் சதுக்கம் ஒரு ஊரா இருந்துச்சு. யார் வீடு, யார் கடைன்னு தெரியாது, மாடி ஜன்னல்ல விளக்கு எரிஞ்சா உள்ளே யாரோ இருக்காங்கன்னு நாமளே கற்பனை பண்ணிக்குவோம். இப்போ டியானா கடை, அவங்க அம்மா யூடோரா பேர்ல துணிக்கடை, அந்தப் பக்கம் ஸ்பிளாஷ் மவுண்டன்கிற பழைய சவாரி போய் 2024 நவம்பர்லேர்ந்து டியானா சவாரி. ஒவ்வொண்ணும் அழகுதான், நான் மூணுத்துக்கும் போனேன். சவாரிக்கு ரெண்டு தடவை! ஆனா தெரு முழுக்க ஒரே குடும்பத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாச்சு.

தண்டவாளம்:
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஜன்னல் விளக்கு விஷயம் சுருக்குன்னு இருக்கு.

புளியோதரை:
பட்டா போட்டது ஒரு கறுப்பினச் சமையல்காரி பேர்ல. அந்த ஊரைக் காட்டுற இடத்துல அது வர்றதுக்கு, சதுக்கம் திறந்த 1966லேர்ந்து எத்தனை வருஷம் ஆயிருக்கு பாருங்க. என் கணக்குல அது கொஞ்சம் கூடுதல் எடை. ஆனா "பேலஸ்"ங்கிற பேர் மட்டும் அதிகப்படி, அதுல பாப்பா கட்சிதான் நான்.

கொத்தவால்சாவடி:
சம்மணம் சொன்னதைப் படிச்சிட்டு அன்னைக்கு எடுத்த போட்டோவைத் திரும்பப் பார்த்தேன். இருட்டினப்புறம் பெனியே (சர்க்கரைத் தூள் தூவின பொரிச்ச பலகாரம்) வாங்க அந்தப் பக்கமே மறுபடி போயிருந்தோம். மகள் மூக்கு வரைக்கும் சர்க்கரைத் தூள். பின்னாடி ட்ரம்பெட் வாசிக்கிறவர் அவளைப் பார்த்துக் குனிஞ்சு வாசிக்கிறார். கடைப்பலகை ஃப்ரேம்லயே வரல. அரண்மனை பத்தி அவ அப்புறம் கேட்கவும் இல்ல.

சரி, அம்மா ஒண்ணு கேட்கச் சொன்னாங்க. நேத்து வீட்டுல கம்போ முயற்சி பண்ணினாங்க, குழம்பு கெட்டியாக எண்ணெயில வறுக்குற மாவு கருகிப்போச்சு. பழுப்பு வர எவ்வளவு நேரம் வறுக்கணும்?

புளியோதரை:
எண்ணெயும் மைதாவும் சமபங்கு, சின்னத் தீ, அரை மணி நேரத்துக்குக் குறையாம. கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது, போன் அடிச்சா எடுக்கக் கூடாது. கடைசியில ஒரு நெல்லிக்காய் அளவு புளி போட்டுக்கச் சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.