எஞ்சினை நிறுத்தியும் கப்பல் ஓடுவது ஏன்?

உயர்தரம்_பௌதிகம்:
அப்பாவின் பைபர் வள்ளத்தில் எஞ்சினை நிறுத்தினால் கொஞ்ச நேரத்திலேயே வேகம் செத்துவிடும். ஆனால் திருகோணமலையின் சீனக்குடாவில் மா ஆலைக்குக் கோதுமை ஏற்றி வருகிற மாதிரிக் கப்பல்கள் எஞ்சினை நிறுத்தினாலும் நெடுந்தூரம் ஓடும் என்கிறார்கள். பெரிய கப்பலுக்குத் தண்ணீரின் தடையும் பெரிதுதானே, அப்படியென்றால் அதுதானே முதலில் நிற்க வேண்டும்? சடத்துவ விசை அதை முன்னுக்குத் தள்ளுகிறது என்று ரியூசனில் ஒரு பெடியன் சொன்னான். சரியா?

கொட்டியாரம்:
தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை தம்பி. சடத்துவம் என்பது வேகம் மாறுவதை எதிர்க்கும் இயல்பு, விசை அல்ல; விசைப்படத்தில் அதற்கு அம்புக்குறி போட்டால் புள்ளி போய்விடும். ஓடுகிற பொருள் அதே வேகத்தில் ஓட விசை தேவையில்லை, வேகத்தை மாற்றத்தான் தேவை. இங்கே மாற்றுவது தண்ணீர். தடை பெரிது என்பது உண்மை, ஆனால் அதைத் திணிவால் பிரித்துப் பார். வள்ளம் 6 மீற்றர், கப்பல் 180 மீற்றர், இரண்டும் ஒரே வடிவம் என்று வைத்துக்கொள்வோம் (கண்டபடி எளிமைப்படுத்துகிறேன், பொறியியலாளர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம்). நீளம் 30 மடங்கு, ஆகவே தண்ணீர் படும் பரப்பு 900 மடங்கு, திணிவோ 27,000 மடங்கு. ஒரே வேகத்தில் தடை ஏறத்தாழப் பரப்போடு கூடும் என்று எடுத்தால் கப்பலின் அமர்முடுகல் (வேகம் குறையும் வீதம்) வள்ளத்தினதில் 30இல் ஒரு பங்குதான். அதோடு வேகம் பாதியானால் தடை கிட்டத்தட்டக் கால்வாசியாகிவிடும், அதனால் கடைசி ஓட்டம் இலேசில் அடங்காது.

பழைய_மாலுமி:
துறைமுகத்துக்குள் தண்ணீரை நம்பி யாரும் கப்பலை நிறுத்துவதில்லை, இழுவைப் படகு எதற்கு இருக்கிறது? முழு வேகத்தில் போகும்போது புரொப்பெல்லரைப் பின்னோக்கி முழுப் பலத்தில் சுழற்றினால், கப்பலின் நீளத்தைப் போல 15 மடங்கு தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேச கடல்சார் அமைப்பின் அளவுகோல். 180 மீற்றர் கப்பலுக்கு 2.7 கிலோமீற்றர் வருகிறது. மிகப் பெரிய கப்பல்களுக்கு அதிலும் சலுகை உண்டு.

உயர்தரம்_பௌதிகம்:
நன்றி அண்ணா. அப்ப ஓடுகிற கப்பலின் பாய்மர உச்சியில் இருந்து கல்லைப் போட்டால் பின்னால் விழுமா?

கொட்டியாரம்:
இல்லை, மரத்தின் அடியிலேயே விழும். கையை விடும்போதே கல்லுக்கும் கப்பலின் வேகம் இருக்கிறதே, கிடைத்திசையில் அதைக் குறைக்கக் காற்றைத் தவிர வேறு ஆள் இல்லை. கலிலியோ 1632இல் இதை எழுதினார், 1640இல் பிரான்சின் மார்செய் கடலில் கசெண்டி என்பவர் துடுப்புக் கப்பலில் செய்தே காட்டினார். நியூற்றனின் விதிகள் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1687இல்.

நிலாவெளி_வலை:
கணக்கெல்லாம் சரி. தம்பி, வள்ளம் கரை மணலில் முட்டும்போது அணியத்தில் (முன்பக்கத்தில்) எழும்பி நிற்காதே. அப்புறம், நிறைய மீனோடு வரும் நாளில் அப்பா எஞ்சினை எங்கே நிறுத்துகிறார் என்று பார், வெறும் வள்ளத்தோடு வரும் நாளைவிடக் கரையிலிருந்து தள்ளியே நிறுத்துவார். பாரத்தில் வள்ளம் கொஞ்சம் அமிழ்வதால் தடையும் கூடும், ஆனால் திணிவு கூடுகிற அளவுக்குக் கூடாது.