பொருள்: "பொது விகிதம்" வேண்டாம், "திரள் விகிதம்" எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் புள்ளியியல் சொற்பட்டியலுக்காக, இரு குழுக்களின் எண்ணிக்கைகளை ஒன்றாகக் கூட்டிக் காணும் விகிதத்திற்கு (pooled proportion) நம் குழுவில் ஐயா முன்மொழிந்த "பொது விகிதம்" எனக்கு ஒப்பவில்லை. பெருக்குத் தொடர்வரிசையில் (2, 6, 18 போல ஒரே எண்ணால் பெருக்கிச் செல்லும் வரிசையில்) அச்சொல் எப்போதோ குடியேறிவிட்டது. "கூட்டு விகிதம்" என்பதும் விகிதங்களைப் பெருக்கிப் பெறுவதற்கு உரிய பெயர்.

"சராசரி விகிதம்" கேட்க எளிதாக இருந்தாலும் கணக்கையே தவறவிடும். சிங்கப்பூரின் தேக்காவில் இரண்டு தேநீர்க் கடைகள் என்று வைத்துக்கொள்வோம். முதற்கடையில் 60 பேரில் 18 பேரும், மற்றதில் 40 பேரில் 22 பேரும் "கோசோங்" என்று சொல்லிச் சீனி இல்லாத தேநீர் கேட்கிறார்கள். விகிதங்கள் 0.30, 0.55, அவற்றின் சராசரி 0.425. நமக்கு வேண்டியதோ 100 பேரில் 40, அதாவது 0.40. கடைகளுக்கிடையே வேறுபாடில்லை என்னும் இன்மைக் கருதுகோளின்படி 0.40ஐ 60ஆலும் 40ஆலும் பெருக்கினால், கோசோங் கேட்போர் 24, 16 என்றும், கேளாதோர் 36, 24 என்றும் அமைவர். 0.425ஐப் போட்டாலோ 25.5, 17 என வந்து, உண்மையில் கேட்ட 40 பேர் 42.5 ஆகிவிடுகிறார்கள்! சரியான கணக்கில் உண்மை எண்ணுக்கும் எதிர்பார்த்த எண்ணுக்கும் நான்கு கட்டங்களிலும் வேறுபாடு 6. ஒவ்வொரு கட்டத்திலும் வேறுபாட்டின் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் வரும் கை-வர்க்க மதிப்பு 6.25. 5% மட்டத்துக்குரிய எல்லையான 3.84ஐ அது தாண்டுகிறது; ஆகவே இன்மைக் கருதுகோளை மறுக்கலாம்.

"திரட்டிய விகிதம்" என்று முதலில் எழுதிப் பார்த்தேன். தரவு திரட்டுதல் என்னும் வழக்கு குறுக்கே வந்து, யாரோ விகிதங்களைச் சேகரித்ததாகத் தோன்றுகிறது. இரண்டு தாழி வெண்ணெயும் ஒரே உருண்டையாகத் திரள்வதுபோல இரு குழுக்களும் ஒரு திரளாகின்றன. அத்திரளின் விகிதம் என்பதால் "திரள் விகிதம்" பொருந்தும்.

அவ்விகிதத்தைக் குழுவின் அளவால் பெருக்கிப் பெறுவதை (மேலே 24, 16 போன்றவற்றை) "எதிர்பார்ப்பு எண்ணிக்கை" என்றே வைக்கலாம். ஒன்று எத்தனை முறை வருகிறது என்பதை (frequency) தமிழ்நாட்டார் "நிகழ்வெண்" என்றும் இலங்கையில் "மீடிறன்" என்றும் சொல்கிறார்கள்; கணிதத்தை ஆங்கிலத்தில் படிக்கும் நம் சிங்கப்பூர் மாணவர்களுக்கு இரண்டுமே புதியவை, "எண்ணிக்கை" அப்படியன்று. எண்ணிக்கையில் அரை ஆள் வரலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். எதிர்பார்ப்பில் வரலாம் என்று சொற்பட்டியல் பதிவிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம்.

ஐயாவுக்கு இசைவானால், தேநீர்க் கணக்கோடு பதிவை எழுதி அனுப்புகிறேன்.