லூப் ரீடிங் பிரமாதம், எர்த் மோசம்: உங்களுக்கும் இப்படி மாட்டியிருக்கா?

கரூர் வயர்மேன்:
பழைய வீடு ஒன்று. புதுசாகப் போட்ட ஆர்சிசிபி (கரண்ட் எர்த் பக்கம் கசிந்தால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்), கீசரைப் போட்டதும் விழுகிறது என்று கூப்பிட்டார்கள். "முன்னாடி இருந்த போர்டுல இந்தத் தொல்லையே இல்ல, கழட்டி வீசுங்க தம்பி" என்றார் வீட்டம்மா.

மல்டிஃபங்ஷன் டெஸ்டரை கீசர் பிளக்கில் போட்டு லூப், அதாவது ஃபால்ட் கரண்ட் போய்த் திரும்பும் முழு வழியின் ரெசிஸ்டன்ஸ், பார்த்தால் 0.7 ஓம். அவ்வளவு நல்ல ரீடிங் வந்ததுதான் உறுத்தியது. கொல்லையில் இருப்பது ஒரே ஒரு பைப் எர்த் (பைப் புதைத்த எர்த் பிட்), அதுக்குத் தண்ணி ஊற்றி எத்தனை கோடை ஆச்சோ. கரண்ட் அந்த பிட்டில் இறங்கி, மண் வழியாகப் போய், டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் எர்த்தில் ஏறித் திரும்புகிறது என்றால் 0.7 வரவே வராது. எங்கேயோ கம்பி வழியாகவே திரும்புகிறது.

மெயினை ஆஃப் பண்ணி, பிட்டில் எர்த் ஒயரைக் கழட்டி, மண்ணில் தள்ளித் தள்ளி இரண்டு கம்பி அடித்து, பிட்டின் ரெசிஸ்டன்ஸை மட்டும் காட்டும் மூணு ஒயர் டெஸ்ட் எடுத்தேன். 38 ஓம்! கீசர் பிளக்கைத் திறந்தால் நியூட்ரலுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயர். முன்பு எப்போதோ ஷாக் அடித்திருக்கும், பிட்டைப் பார்க்காமல் முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் ஒரு புண்ணியவான். கீசர் ஓடும்போது நியூட்ரல் கரண்டில் கொஞ்சம் எர்த் பக்கம் ஒதுங்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழ அது போதும்.

38 ஓமுக்கு ஃபால்ட் கரண்ட் 6 ஆம்பியர்தான் போகும், ஓவர் கரண்டுக்கு மட்டும் விழும் 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. ஆர்சிசிபி இல்லாத காலத்தில் நியூட்ரல் ஜாயின்ட் விட்டிருந்தால் கீசர் பாடியிலேயே கரண்ட். துண்டு ஒயரை எடுத்ததும் ஆர்சிசிபி விழாமல் நின்றது. "இந்தத் துண்டை எடுக்கவா இவ்வளவு காசு?" என்று கேட்டதையும் வாங்கிக்கொண்டேன்.

ஓசூர் மெயின்டனன்ஸ்:
எங்களுக்கு மாட்டினது கான்ட்ராக்டர் ரிப்போர்ட், அண்ணே. பாறை பூமி, ஆனால் எல்லா பிட்டும் 1 ஓமுக்குக் கீழே! எடுத்துக் காட்டச் சொன்னால், நடுக் கம்பியை பிட்டுக்கு ஒட்டினாற்போல அடிக்கிறார். அப்படி அடித்தால் எந்த பிட்டும் நல்ல பேர் வாங்கிடும். கடைசிக் கம்பியை 30 மீட்டரில் அடித்து, நடுக் கம்பியை அதில் 62 சதவீதத்தில், பதினெட்டரை மீட்டரில் வைத்தோம். அதை முன்னும் பின்னும் 3 மீட்டர் நகர்த்தியும் ரீடிங் ஏறக்குறைய அதேதான்: 6 ஓம். அப்புறம் ஆள் பேசவில்லை.

புது சூப்பர்வைசர்:
கம்பி அடிக்க மண்ணே இல்லாத இடத்தில் என்ன செய்வீங்க சார்? எங்க சைட்டில் சுத்திலும் காங்கிரீட். ஒயரைக் கழட்டாமலே எடுத்தால் 0.4 காட்டுது.

கரூர் வயர்மேன்:
கழட்டாமல் எடுத்தால் பில்டிங் கம்பி, போர்வெல் கேசிங் எல்லாம் சேர்ந்துதான் காட்டும் தம்பி, பிட்டோட ரீடிங் அது இல்லை. காங்கிரீட்டில் ஈரச் சாக்கு விரித்து, மேலே இரும்புத் தகடு வைத்து, அதில் கிளிப்பை மாட்டுங்க. தார் ரோட்டில் இது நடக்காது. பிட் ஒயரில் கை வைக்கும் முன் மெயின் ஆஃப், இன்வெர்ட்டரும் ஆஃப். மெயினை மட்டும் அணைத்தால் இன்வெர்ட்டர் தானாக எடுத்துக்கும்.